கிழங்கான் எப்படிப் பாறைக்குள் போனது? பிபிரின்ட்டோடு ஆறு ஆண்டுகள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்குக்கான நிரலை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். தரவு அடுக்கடுக்காக இருக்கும். நாளுக்குள் படகு, படகுக்குள் மீன், மீனுக்குள் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் எடை, விலை, வாங்கியவர். இதைப் பைதான் நிரல்மொழியின் சாதாரண பிரின்ட் கட்டளையில் பார்த்தால் அடைப்புக்குறிகள் நிறைந்த ஒரே வரி திரை முழுவதும் ஓடும். பிழை அதில்தான் இருக்கும், கண்ணுக்கு அகப்படாது.

முதல் ஆண்டில் ஒரு வியாபாரிக்குப் போன சீட்டில் 3 கிலோ நெத்திலிக்கு 180180180 ரூபாய் என்று வந்தது. கிலோ 180 ரூபாய். 540 வந்திருக்க வேண்டும். விலை எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாகச் சேமிக்கப்பட்டிருந்தது. சரத்தை 3 ஆல் பெருக்கினால் பைதான் அதை மூன்று முறை ஒட்டித் தந்துவிடும். பதிவுக் கோப்பை இரவெல்லாம் புரட்டியும் பிடிபடவில்லை. மறுநாள் அதே தரவை, அடுக்குகளை வரி வரியாகப் பிரித்து அழகாகக் காட்டும் பைதானின் பிபிரின்ட்டில் போட்டேன். விலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒரே ஒரு 180ஐச் சுற்றி மட்டும் மேற்கோள் குறி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அன்று முதல் அதை விட்டதில்லை.

ஆனால் அதன் இயல்பு அமைப்புகள் தமிழ்த் தரவுக்கு அவ்வளவு ஒத்துவருவதில்லை. டிக்‌ஷனரியில் (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயர் வைத்துச் சேமிக்கும் வடிவம்) உள்ள பெயர்களை அது தானாக வரிசைப்படுத்திவிடும். ஏலம் நடந்த வரிசை எனக்கு முக்கியம். அது காணாமல் போகும். வரிசைப்படுத்துவதும் கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்ணின்படிதான். அதில் ழகரம் ளகரத்துக்குப் பின்னால் வரும், னகரம் நகரத்தை ஒட்டி வந்துவிடும். நம் அகராதி வரிசை பழகிய கண் தடுமாறும். 2019 அக்டோபரில் வந்த பைதான் 3.8 பதிப்பில் இந்த வரிசைப்படுத்தலை நிறுத்தும் வசதியும், அதை முன்கூட்டியே நிறுத்தி வைத்திருக்கும் பிபி என்ற குறுக்கு வழியும் கிடைத்தன. இப்போது பிபி மட்டும்தான். இன்னொரு குறை, வரியின் அகலம் 80 எழுத்தைத் தாண்டும் குறிப்புகளை இடைவெளி பார்த்துத் துண்டு துண்டாக்கி அடுத்தடுத்த வரியில் போடும். "ஐஸ் குறைவு" என்று பிறகு தேடினால் சிக்காது. அகலத்தை 200 ஆக்கிக்கொண்டேன்.

மற்றவர்களுக்குக் காட்ட மட்டும் ஜேசன் என்ற பொதுவான தரவு வடிவத்தை உள்தள்ளலோடு, அதாவது உள் அடுக்குகள் ஓரத்திலிருந்து தள்ளி நிற்கும்படி எடுக்கிறேன். அங்கே ஒரு தமிழர் கட்டாயம் மாற்ற வேண்டிய அமைப்பு உண்டு: ஆஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் ஒவ்வொரு குறியீடும் ஆறு எழுத்தாக விரியும். கடலூர் என்ற சொல்லில் ஆறு குறியீடுகள். ஊர்ப் பெயருக்கு மட்டும் 36 எழுத்து.

இப்படி எடுத்த ஒரு தாளைத்தான் துறைமுகத்தில் ஒரு கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தேன். அறுபதைக் கடந்தவர், கணினியைத் தொட்டதில்லை. ஒரு படகின் தொகை இடித்துக்கொண்டிருந்தது, நிரலில் காரணம் புரியவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் ஓரத்தைத் தடவியபடி இறங்கினார். பாதியில் விரல் நின்றது.

"தம்பி, கிழங்கான் எப்படிப் பாறைக்குள் போனது?"

"எங்கே ஐயா?"

"இதோ. மற்ற மீனெல்லாம் ஓரத்தில் நிற்கிறது. இது மட்டும் உள்ளே தள்ளி நிற்கிறதே."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாறை மீனின் பதிவை மூடாமலேயே அடுத்த மீனை அதற்குள் வைத்திருந்தது, மீன்களை ஒவ்வொன்றாக எடுக்கும் என் நிரலின் சுழற்சி. உள்தள்ளலின் பெருமையை எனக்கு உணர்த்தியவர் அவர்தான்.

ஆனாலும் பிழை தேடும்போது ஜேசனை நம்பிவிடாதீர்கள். ஒருமுறை ஏழாம் எண் பெட்டி இருமுறை வந்ததாக அது காட்டியது. அரை நாள் இரட்டைப் பதிவைத் தேடினேன். உண்மையில் தராசிலிருந்து வந்த பெட்டி எண் எண்ணாகவும், கைப்பேசியிலிருந்து வந்தது சரமாகவும் இருந்தன. ஜேசன் எண்ணாக இருக்கும் பெயர்களையும் சரமாக்கிவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. டியூபிளும் (மாற்ற முடியாத பட்டியல்) அங்கே சாதாரணப் பட்டியலாகிவிடும். தேதியை அப்படியே கொடுத்தால் பிழை சொல்லி நின்றுவிடும். பிபியில் 7 வேறு, மேற்கோளுக்குள் இருக்கும் 7 வேறு. உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. எனவே எனக்குப் பார்க்க பிபி, பிறருக்குக் காட்ட ஜேசன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நிரலைத் திருத்த எனக்கு நேரம் கிடைக்கும். இந்த முறை விலையும் பெட்டி எண்ணும் உள்ளே நுழையும் இடத்திலேயே எண்ணாக மாறும்படி செய்துவிட்டேன். பிபி வரிகளை மட்டும் அழிக்கவில்லை.