பியூடெசோனைடு 200 பம்ப், கூடவே கூல்டிரிங் பாட்டில் ஸ்பேஸர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆஸ்துமாக்காரர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பம்ப் (இன்ஹேலர்) இருக்கும். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் கையோடு சுற்றும். ஸ்டீராய்டு பம்ப், "அடிச்சா ஒண்ணும் தெரியலை" என்ற புகாரோடு அலமாரியில் கிடக்கும். இந்த மதிப்பீடு அலமாரியில் கிடக்கும் பம்ப்பைப் பற்றியது: ஓர் அடிக்கு (ஒருமுறை அழுத்தினால்) 200 மைக்ரோகிராம், குப்பிக்கு 200 அடி கொண்ட பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு. கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் நிறமும் மாறும்.

அடித்ததும் ஏன் தெரிவதில்லை? இந்த மருந்து மூச்சுக்குழாயில் எதை அடக்குகிறது என்று பார்த்தால் புரியும். காய்ந்த மிளகாய் எண்ணெயில் கருகும் நெடியை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கேப்சைசின், மூச்சுக்குழாய்ச் சவ்வில் இருக்கும் சி-நார் என்ற மெல்லிய உணர்வு நரம்புகளைத் தொட்டதும் இருமல் வருகிறது. அதோடு நிற்பதில்லை. அதே நரம்பு நுனிகள் சப்ஸ்டன்ஸ் பி, நியூரோகைனின் ஏ என்ற பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) கொட்டுகின்றன. சப்ஸ்டன்ஸ் பி சிறு சிரைகளின் என்கே-1 ஏற்பிகளில் ஒட்டியதும், சிரைச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்கு விழுந்து பிளாஸ்மா கசிகிறது. சவ்வு வீங்குகிறது, சளி பெருகுகிறது. நியூரோகைனின் ஏ தசையை இறுக்குகிறது. டர்பனின் ஆலைப் பகுதிகளான மியர்பேங்க், வென்ட்வொர்த் பக்கம் வாழ்ந்தவர்களுக்குப் பழகிப்போன கந்தக டை ஆக்சைடும் இதே நரம்புகளைச் சீண்டும்.

இந்தப் பெப்டைடுகளை வெட்டிப்போட உடம்பில் ஓர் என்சைம் இருக்கிறது: நியூட்ரல் எண்டோபெப்டிடேஸ். வைரஸ் தொற்று அதைக் குறைத்துவிடும். ஜலதோஷம் பிடித்த வாரத்தில் சின்ன நெடிகூட மூச்சை அடைக்க அதுவும் ஒரு காரணம். ஸ்டீராய்டு இந்த என்சைமைக் கூட்டி, என்கே-1 ஏற்பிகளைக் குறைக்கிறது. எலிகளின் மூச்சுக்குழலில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நரம்புவழிக் கசிவைத் தடுத்ததையும், வைரஸால் அது பெருகாமல் காத்ததையும் 1990-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதரில் நரம்பின் பங்கு அந்த அளவுக்குப் பெரிதல்ல. அழற்சியைத் தூண்டும் வெள்ளையணுக்களான ஈசினோஃபில்களை அடக்குவதில்தான் இந்த மருந்தின் பெரும்பலன். எந்த வழியானாலும் மரபணுக்களை இயக்கித்தான் வேலை நடக்கிறது, அதனால் மணிக்கணக்கும் நாட்கணக்கும் ஆகும். முழுப்பலனுக்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். மூச்சு முட்டும் நேரத்தில் இதை நம்பக் கூடாது, அப்போது சால்பியூட்டமால்தான்.

மருந்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பம்ப்பின் வடிவமைப்புக்குப் பாதிதான். ஸ்பேஸர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மருந்தைத் தேக்கும் வெற்றுக் குடுவை) இல்லாமல் அடித்தால், கைப்பழக்கம் சரியாக இருந்தாலும் நுரையீரலுக்குப் போவது 10 முதல் 20 சதவீதம். பெரும்பகுதி தொண்டையில் படிந்து குரலைக் கரகரப்பாக்கும், நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரவைக்கும்.

ஸ்பேஸர் வாங்க முடியாதவர்களுக்கு 500 மில்லி கூல்டிரிங் பாட்டில் போதும். கேப் டவுன் மருத்துவர்கள் 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்துமா முற்றி வந்த குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இப்படிக் கொடுத்தபோது, ஒட்டி அடைத்த பாட்டில் கடை ஸ்பேஸருக்கு ஈடாக நின்றது. பாலிஸ்டைரீன் கப் பின்தங்கியது. செய்முறை: கழுவி உலர்த்திய பாட்டிலின் அடியில், பம்ப் வாயின் வடிவத்துக்கு வளைத்த கம்பியைச் சூடாக்கி அழுத்தினால் அதே அளவில் துளை உருகும். கத்தியால் வெட்டினால் ஓரம் பிசிறி மருந்து கசியும். பம்ப்பைச் செருகி, சுற்றிலும் பசை ஒட்டுங்கள். பாட்டிலின் கழுத்தே வாய் வைக்கும் இடம். புது பிளாஸ்டிக்கின் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரில் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கி, துணியால் துடைக்காமல் தானாக உலர விட்டால் அது அடங்கும். மிகச் சிறிய குழந்தைக்கு முகமூடி உள்ள ஸ்பேஸர்தான் வேண்டும்.

பம்ப்பைக் குலுக்கி ஓர் அடி, உடனே மெதுவாக உள்ளிழுத்து, 10 நொடி மூச்சை அடக்குங்கள். அடக்கத் தெரியாத குழந்தை ஐந்தாறு தடவை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். இரண்டு அடியைச் சேர்த்து அடிக்காதீர்கள். துளிகள் மோதிப் பெரிதாகிச் சுவரில் படியும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள்.

எத்தனை அடி மிச்சம் என்று காட்டும் எண்ணி பம்ப்பில் இல்லாததுதான் பெரிய குறை. 200 அடி முடிந்த பிறகும் வாயு சீறும், மருந்து இருக்காது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது தப்பான சோதனை, வால்வுக்கும் கேடு. காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் 100 நாள் வரும். தொடங்கிய தேதியைப் பம்ப்பின் மேலேயே எழுதிவையுங்கள்.

கரண்ட் போனாலும், மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் இயந்திரம்போல நின்றுவிடாது என்பது நம் ஊரில் சிறிய வசதி அல்ல. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருப்பவர்கள் ஆஸ்துமாவை நாட்பட்ட நோயாகப் பதிவு செய்யுங்கள். சட்டப்படி ஈடுசெய்ய வேண்டிய நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. பதிவு செய்யாதவரை பம்ப்பின் செலவு உங்கள் மெடிக்கல் எய்ட் சேமிப்புக் கணக்கிலிருந்தே போகக்கூடும்.