மீட்டியர் 350-ல் ஓட்டுபவருக்கான பேக்ரெஸ்ட்: இரண்டு வருடம், 16,000 கிலோமீட்டர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-ன் சூப்பர்நோவா மாடலில் கம்பெனியே ஒரு பேக்ரெஸ்ட் மாட்டித் தருகிறது. அது பின்னால் உட்காருபவருக்கு. நான் எழுதுவது வண்டி ஓட்டுபவரின் இடுப்புக்குப் பின்னால், இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்து எழும்பி நிற்கும் சின்னத் தாங்கியைப் பற்றி. கடையில் போய் "பேக்ரெஸ்ட் இருக்கா" என்று கேட்டால் முன்னதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க எனக்கு அப்படித்தான் போனது. கடைசியில் ஆன்லைனில் 3,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். "எல்லா க்ரூஸர் வண்டிக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். அந்த எல்லாவில் என் வண்டி சேர்த்தியில்லை என்று பார்சலைப் பிரித்த அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு 47 வயது. அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலிதான். மாதம் ஒரு தடவையாவது சென்னையிலிருந்து திருச்சிக்கு வண்டியிலேயே போய் வருவேன். விழுப்புரம் வரை ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் கீழ்முதுகு மெல்லப் பிடிக்க ஆரம்பிக்கும். உளுந்தூர்பேட்டையில் இறங்கும்போது கிழவனைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடப்பேன். க்ரூஸர் வண்டியில் இது அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளியிருக்கிறது. சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான். காலை ஊன்றி உடம்பைத் தூக்க முடியாது. சாதாரண பைக்கில் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் சீட்டிலிருந்து லேசாக எழும்பிக்கொள்வோமே, அது இதில் நடக்காது. குலுங்கல் மொத்தமும் நேராக முதுகெலும்புக்குப் போகிறது.

கிட்டில் இருந்தவை இவ்வளவுதான்: 5 மில்லிமீட்டர் இரும்பில் ஒரு அடித்தட்டு, சீட்டுக்கு அடியில் வண்டியின் சட்டக் (ஃப்ரேம்) குழாய்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு கிளாம்ப், மேலே எழும் தூண், அது நுழையும் சாக்கெட், ரெக்சின் போட்ட திண்டு, அப்புறம் ஒரு பை நிறைய நட்டு போல்ட்டு. திண்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், உயரத்தை மாற்றலாம், சாய்வைத் திருகலாம். சட்டத்தில் துளை போடவோ வெல்டு வைக்கவோ வேண்டாம் என்பதுதான் நான் இதைத் தேர்ந்தெடுத்த முக்கியக் காரணம். பட்டறையில் 600 ரூபாய்க்கு அழகாக வெல்டு அடித்துத் தருகிறேன் என்றார் ஒருவர். சட்டத்தில் வெல்டிங் வைக்க எனக்கு மனசு வரவில்லை. சூடு பட்ட இடத்தில் குழாயின் பலம் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது.

மாட்ட அரை மணி நேரம் என்று தாளில் அச்சடித்திருந்தது. சைடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றி, தட்டை வைத்து, எல்லாவற்றையும் மூச்சைப் பிடித்து இறுக்கி, சீட்டைத் திரும்ப வைத்தேன். 50 நிமிடம் ஆனது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த இரண்டு மாதம் வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த 50 நிமிடத்தில் நானே விதைத்தவை.

முதல் தொல்லை சத்தம். நான் உட்கார்ந்தால் கிரீச், எழுந்தால் ஒன்றுமில்லை. பள்ளத்தில் இறங்கினால் கிரீச். தூண் சாக்கெட்டில் உரசுகிறது என்று முடிவு செய்து கிரீஸ் தடவினேன். நான்கு நாள் அமைதி. அப்புறம் ரோட்டுப் புழுதி கிரீஸில் ஒட்டி அரைத்த மாவு மாதிரி ஆகி, சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பியது. துடைத்தெடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இரண்டாவது, ஆட்டம். என் வண்டியின் சட்டக் குழாயைவிட கிளாம்பின் உள்வட்டம் கொஞ்சம் பெரியது. இறுக்கினாலும் விரலால் அசைத்தால் அசைந்தது. சரி என்று பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி உள்ளே சுற்றி இறுக்கினேன். பாறை மாதிரி நின்றது. செங்கல்பட்டு போய்த் திரும்புவதற்குள் மறுபடி ஆட்டம். இதை யாராவது செய்ய நினைத்தால் வேண்டாம். ரப்பர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். போல்ட்டின் இழுவை அதோடு சேர்ந்து தளரும். இன்று இறுக்கினால் நாளை மறுபடி இறுக்க வேண்டும், அப்படியே ஒரு நாள் ட்யூப் கிழிந்துபோகும்.

மூன்றாவதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் வந்த நண்பர் சிக்னலில் நிறுத்தி, "உங்க பிரேக் லைட் எரியலையே" என்றார். ஃப்யூஸ் போயிருந்தது. மாற்றினேன். இரண்டு நாளில் மறுபடி போனது. பத்து ஆம்ப்பியருக்குப் பதில் பதினைந்து போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அப்படிப் போட்டிருந்தால் ஃப்யூஸ் பிழைத்து வயர் எரிந்திருக்கும். சீட்டைக் கழற்றிப் பார்த்தால், அடித்தட்டின் கூர்மையான விளிம்பு வயர் கட்டின் மேல் உட்கார்ந்து, ஒரு வயரின் தோலை உரித்து வைத்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது.

இந்த நிலையில்தான் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் தூணைப் பார்க்கவில்லை, கிளாம்பையும் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி நின்று வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தார்.

"சைடு ஸ்டாண்டுல நிறுத்தி மாட்டினீங்களா சார்?"

ஆமாம் என்றேன். வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். திண்டு வலது பக்கம் சாய்ந்து நின்றது. வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கும்போது கண்ணுக்கு நேராகத் தெரிவதை வைத்துத் தட்டை இறுக்கியிருக்கிறேன், வேறென்ன ஆகும்? மூன்று வாரமாக இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலித்ததற்கு நான் கட்டிலை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம், ஆள் உக்காராம இறுக்கினீங்களா?"

அதற்கும் ஆமாம்தான். அவர் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஆள் உட்காராத சீட் வேறு, உட்கார்ந்த சீட் வேறு. நான் 82 கிலோ. உட்கார்ந்தால் நுரை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அமுங்குகிறது. திண்டு சட்டத்தில் நிற்பதால் அது என்னோடு இறங்காது. காலி சீட்டை வைத்து இடுப்புக்கு நேராக வைத்த திண்டு, நான் உட்கார்ந்ததும் விலா எலும்புக்கு வந்துவிடுகிறது. கிரீச் சத்தத்துக்கும் இதுதான் மூலம். நான் உட்கார்ந்தால் சீட்டின் அடிப்பக்கம் வளைந்து இரும்புத் தட்டைத் தொடுகிறது, எழுந்தால் விட்டுவிடுகிறது. பாவம், தூணுக்கு நான் அநியாயமாகக் கிரீஸ் போட்டிருக்கிறேன்.

எந்த இடத்தில் தொடுகிறது என்று கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி எளிமையானது. வீட்டிலிருந்து கொஞ்சம் சப்பாத்தி மாவு கொண்டுவரச் சொன்னார். (கொடுக்கும்போது வீட்டில் பார்த்த பார்வையைத் தனியாக எழுதலாம்.) தட்டின் மேல் நான்கைந்து இடத்தில் கோலி அளவு உருண்டை வைத்து, மேலே பாலிதீன் தாள் போட்டு, சீட்டை மாட்டி, நான் ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை அமுக்கினேன். கழற்றிப் பார்த்தால் மூன்று உருண்டை தோசைக் கனத்தில் இருந்தன. ஒன்று மட்டும் காகிதம் மாதிரி. அதுதான் இடம், தட்டின் இடது பின்மூலை. அந்த மூலையை அரைத்து எடுத்து, விளிம்பெல்லாம் அரத்தால் வழித்து, துரு பிடிக்காமல் பெயின்ட் அடித்தோம். சத்தம் அன்றோடு போனது.

கிளாம்புக்கு லேத்தில் அலுமினியத்தில் அரைவட்ட உறை கடைந்து வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து 350 ரூபாய். குழாயின் விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போனேன். "சுமார் இவ்வளவு" என்று சொன்னால் லேத்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வயர் கட்டை அடித்தட்டிலிருந்து விலக்கி, உரிந்த இடத்தில் டேப் சுற்றி, நெளிவுக் குழாய்க்குள் நுழைத்து, சட்டத்தின் மறுபக்கம் கேபிள் டையால் கட்டினோம். ஃப்யூஸ் பழைய அளவே. இதுவரை மறுபடி போகவில்லை.

போல்ட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிட்டில் வந்தவற்றின் தலையில் எந்த எண்ணும் இல்லை. எண் இல்லாத போல்ட்டின் பலத்தை யாரும் சொல்ல முடியாது. ஒன்று இறுக்கும்போதே மரை போனது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 8.8 என்று பலத்தின் தரத்தைத் தலையில் குத்திய எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்டுகளும், தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டுகளும் வாங்கினேன். பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் கேட்டேன். கடைக்காரரே தடுத்தார். சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் 8.8-ஐவிட பலம் குறைவு, நட்டோடு கவ்விக்கொண்டு கழற்ற வராமலும் போகும். உறை வந்ததால் கனம் கூடியிருந்தது, அதனால் நீளமும் கூட்டி வாங்க வேண்டியிருந்தது. நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். முதல் தடவை மாட்டியபோது நட்டின் நைலான் வளையத்தைக்கூட போல்ட் தொட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் தடவை இறுக்கிய முறை இது. எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் போட்டு வைத்தோம். மெக்கானிக்கின் தம்பி முன்னால் நின்று வண்டியை நேராகப் பிடித்தான். நான் ரைடிங் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தேன். ஜாக்கெட் முக்கியம். என் ஜாக்கெட்டின் முதுகுப் பாதுகாப்புப் பட்டை கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் கனம். பனியனோடு உட்கார்ந்து அளவெடுத்தால் நிஜப் பயணத்தில் அந்த இரண்டு சென்டிமீட்டரும் நம்மை டேங்க் பக்கம் தள்ளும். முதல் மாதம் மணிக்கட்டு வலித்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். திண்டின் நடுப்பகுதி பெல்ட்டுக்குச் சற்று மேலே வருமாறு வைத்து, நிமிர்ந்து உட்காரும்போது முதுகுக்கும் திண்டுக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டோம். ஒட்டி வைக்கக் கூடாது. ஒட்டி வைத்தால் ஒவ்வொரு குலுங்கலிலும் முதுகில் குத்தும். தளரும்போது சாய்ந்துகொள்ளத்தான் அது. அப்புறம் நான் இறங்காமலேயே அவர் அடியில் கை விட்டு, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, மூன்று சுற்றில் இறுக்கினார். கடைசிச் சுற்றுக்கு மட்டும் இறங்கி, சீட்டைக் கழற்றி, இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் போட்டார். 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து ஒரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எதுவும் அசையவில்லை.

வலி போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, தள்ளிப்போயிருக்கிறது. முன்பு விழுப்புரத்தில் வந்தது இப்போது திருச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. மணிக்கொரு தடவை இறங்கி நடப்பதை நான் விடவில்லை.

இரண்டு வருடத்தில் திண்டின் நுரை ஒரு தடவை உட்கார்ந்துபோனது, எட்டாவது மாதத்தில். சீட் கவர் கடையில் அடர்த்தியான நுரை போட்டு, தையல் மேல்பக்கம் வராமல் ரெக்சின் மாற்றித் தந்தார்கள், 450 ரூபாய். பழைய திண்டில் தையல் மேலே இருந்ததால் மழைத் தண்ணீர் உள்ளே போய்த் தேங்கி, வெயிலில் உட்கார்ந்தாலும் முதுகு ஈரமாகும்.

வீட்டம்மா பின்னால் ஏறினால் கதை வேறு. பிரேக் பிடித்தால் திண்டு அவர் நெஞ்சில் இடிக்கிறது, இறங்கும்போது அதையே கைப்பிடியாகப் பிடித்து இழுக்கிறார். "இதைக் கழட்டிட்டுக் கூப்பிடுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். தூணைப் பிடிக்கும் பின்னை உருவினால் பத்து விநாடியில் வந்துவிடும். சைடு பையில் போட்டுக்கொள்கிறேன். இருவராகப் போவதே அதிகம் என்றால் இதை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

இன்னும் தீராதது ஒன்று, சாய்வைத் திருகும் குமிழ். ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் தானாகத் தளர்கிறது. அடிக்கடி திருப்ப வேண்டிய இடம் என்பதால் மரை ஒட்டும் பசை போட முடியாது. பல் வைத்த வாஷர் போட்டதில் பாதி குறைந்தது. மதுராந்தகத்தில் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் திருகிப் பார்க்கிறேன், கால் சுற்றாவது உள்ளே போகிறது.