புளோரைட்டு மின்வாய்: எங்கள் கிணறுகளுக்கு உதவுமா?

வவுனியாப் பக்கம் இப்போது பல வீடுகளில் டிடிஎஸ் பேனா இருக்கிறது. அது தண்ணீரின் மின்கடத்துதிறனை வைத்து மொத்த உப்பை மதிப்பிடும், அவ்வளவுதான். புளோரைட்டு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, 300 காட்டுகிற கிணற்றிலும் பிள்ளைகளின் பல்லில் கறை விழுத்துகிற அளவுக்கு இருக்கலாம். அதனால்தான் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குக் கையடக்க மீற்றரோடு ஒரு புளோரைட்டு மின்வாய், அதாவது தண்ணீரில் முக்கிப் புளோரைட்டை மட்டும் அளக்கிற கோல், எடுத்தோம்.

சாமான் உண்மையில் நல்லது. நுனியில் யூரோப்பியம் சிறிது கலந்த இலந்தனம் புளோரைட்டுப் பளிங்கு இருக்கிறது, அது புளோரைட்டு அயனுக்கு மட்டுமே இடம் கொடுக்கும், ஆகவே உவர்த்தண்ணீரில் குளோரைட்டு எவ்வளவு கிடந்தாலும் அளவு குழம்பாது. 1966 இல் வந்த முறை, இன்றும் ஆய்வுகூடங்களில் இதுதான் ஓடுகிறது.

குறை விற்றவர்கள் பக்கம். டிசாப் என்கிற தாங்கற் கரைசல் தனியாக வாங்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது வந்து சேரும்வரை மீற்றர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அது இல்லாமல் அளந்து பிரயோசனமில்லை. அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருக்கிற புளோரைட்டை விடுவிப்பதும், பிஎச்சை 5 இற்கும் 5.5 இற்கும் இடையில் நிறுத்துவதும் அந்தக் கரைசல்தான். நியமக் கரைசலுக்கும் (புளோரைட்டு அளவு முன்பே தெரிந்த, ஒப்பிட்டுப் பார்க்கிற கரைசல்) கிணற்றுத் தண்ணீருக்கும் டிசாப்பை ஒரே அளவில் கலக்கவேண்டும்.

அடுத்தது எங்கள் வெயில். லீற்றருக்கு 1 மில்லிகிராம், 10 மில்லிகிராம் நியமக் கரைசல்களுக்கு இடையில், மீற்றர் காட்டுகிற மின்னழுத்தத்தில் 25 பாகையில் 59 மில்லிவோல்ட் வித்தியாசம் வரவேண்டும், 35 பாகையில் அது 61 ஆகிவிடும். ஒரு மில்லிவோல்ட் பிசகினாலே விடை ஏறத்தாழ 4 சதவீதம் மாறும். காலையில் அளவுதிருத்தம் செய்துவிட்டு மத்தியானம் கிணற்றடியில் நின்று வாசிக்காதீர்கள், எல்லாப் போத்தல்களையும் ஒரே நிழலில் வைத்து ஒரே சூட்டுக்கு வந்தபிறகு அளவுங்கள். குடிதண்ணீரில் புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவன வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கை வரம்பு 1 மில்லிகிராம், எங்கள் கிணறுகள் சில அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இந்தச் சின்னப் பிசகே பெரிய விசயம்.

ஒரு வீட்டுக்கென்று வாங்காதீர்கள், செலவு கூட. மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால் போதும். ஊர்ச் சங்கமோ உயர்தர இரசாயனம் படிப்பிக்கிற பள்ளிக்கூடமோ என்றால் தயங்காமல் எடுக்கலாம், ஆனால் கரைசல்களையும் சேர்த்து விலை கேளுங்கள்.