பி காம்ப்ளெக்ஸ் கேப்சூல்: நல்ல மருந்து, தவறான விளம்பரம்

வாய் ஓரங்கள் வெடித்து, நாக்கு சிவந்து எரிந்ததால் மருத்துவர் எழுதித் தந்த கேப்சூல் இது. உயிரியல் ஆசிரியை என்பதால் விழுங்கும் முன்பே அட்டையைத் திருப்பி அளவுகளைப் படித்தேன்: பி1 10 மி.கி., பி2 10 மி.கி., பி6 3 மி.கி., பி12 15 மைக்ரோகிராம், கூடவே நியாசின், ஃபோலிக் அமிலம்.

முதலில் குறை. பெட்டியில் 'உடனடி சக்தி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது தவறு. இந்த வைட்டமின்களை எரித்து உடம்பு சக்தி எடுப்பதில்லை. சக்தி உணவில் இருக்கிறது. அதை வெளியே எடுப்பவை நொதிகள், அதாவது உடம்பின் வேதிவினைகளை நடத்தும் என்சைம்கள். அவற்றில் பல, துணைநொதி என்ற உதவி மூலக்கூறு இல்லாமல் இயங்காது; பி வைட்டமின்களிலிருந்து உருவாவது அந்தத் துணைதான். குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. பைருவேட் அடுத்து அசிட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறு ஆக வேண்டும். அதைச் செய்யும் நொதித் தொகுதிக்கு பி1இலிருந்து உருவாகும் தயமின் பைரோபாஸ்பேட் வேண்டும். பி2, பி3, பி5 ஆகியவற்றிலிருந்து உருவாகும் துணைநொதிகளும் வேண்டும். பி1 தீர்ந்துபோனால் வேலை அங்கேயே தேங்கிவிடும். ஓயாமல் சக்தி கேட்கும் நரம்பும் இதயமும், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயில் அடி வாங்குவது அதனால்தான்.

வேலை முடிந்ததும் நொதி அழிவதில்லை, அதே மூலக்கூறு அடுத்ததைப் பிடிக்கும். துணைநொதியும் திரும்பத் திரும்பப் பயன்படும். அதனால்தான் வளர்ந்த ஆணுக்கே ஒரு நாளைக்கு 1.2 மி.கி. பி1 போதுமானதாக இருக்கிறது. மிச்சம் சிறுநீரில் போய்விடும். சிறுநீர் பளீரென்று மஞ்சளாவது பி2இன் நிறம், பயப்பட வேண்டாம்.

ஆனால் 'அதிகமானால் வெளியே போய்விடும்' என்ற பேச்சை பி6 விஷயத்தில் நம்பாதீர்கள். பெரிய அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பு பாதிக்கும், பாதம் மரத்துப்போகும். இதில் 3 மி.கி. மட்டுமே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பலன்? வாய்ப்புண் நன்றாகவே ஆறியது. சோர்வு மட்டும் அப்படியே இருந்தது. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது. அதற்கு இந்த கேப்சூலில் ஒன்றும் இல்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வாசனை கொஞ்சம் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடுங்கள். நெடுநாளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும், இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதை நம்பி இருந்துவிடாமல் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுவதிலேயே கோளாறு என்றால் 15 மைக்ரோகிராம் போதாது, ஊசியோ அதிக அளவு மாத்திரையோ தேவைப்படலாம்.