கேர்ளா, பிளேரைட்டா?

கொக்குவிலில கடை வச்சிருக்கிற மச்சான் கேட்டவன்: "ஒவ்வொரு நாளும் விடிய மொத்த வியாபாரியின்ர தளத்துக்குள்ள போய் ஓடர் படிவம் நிரப்ப வேணும். அதைச் சேர்வரில தானா நடக்க விட கேர்ள் காணுமோ, பிளேரைட் போடோணுமோ?" கேர்ள் (curl) எண்டது கட்டளை வரியில இருந்து தளத்துக்குக் கோரிக்கை அனுப்பிற சின்னக் கருவி. பிளேரைட் (Playwright) எண்டது ஒரு உலாவியை நிரல் மூலம் தானா இயக்கிற கருவி.

செலவு: ரெண்டும் இலவசம். ஆனா பிளேரைட் பின்னால குரோமியம் (Chromium) மாதிரி ஒரு உலாவியையே ஓட்டும். 512 எம்பி ராம் உள்ள மலிவுச் சேர்வர் திணறிப் போகும். கேர்ளுக்கு அது தாராளம்.

வேகம்: கேர்ள்தான். கதையே இல்லை.

படிவம்: இதிலதான் ஆக்கள் சறுக்கிறது. உள்ள போறதுக்குக் கேர்ளில பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் போஸ்ட் பண்ணினா (தளத்துக்கு அனுப்பினா) கனதரம் 403, அதாவது அனுமதி இல்லை எண்டு முகத்தில அடிக்கும். முதல் ஒரு கெட் அனுப்பி (பக்கத்தைக் கேட்டு வாங்கி), படிவத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற டோக்கன் எண்ட ரகசியக் குறியை எடுத்து, கூட வந்த குக்கியோட (தளம் ஆளை அடையாளம் காணக் குடுக்கிற சின்னத் தரவோட) சேர்த்துத் திருப்பி அனுப்போணும். குக்கிக் கோப்பை எழுத அனுமதி இல்லாத ஃபோல்டரில வச்சிட்டு நான் ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைச்சனான். பிளேரைட்டில பெட்டியை நிரப்பு, பொத்தானை அழுத்து, அவ்வளவுதான். குக்கி தன்ர பாட்டில போகும்.

நிலைப்பு: தளத்தை மாத்தினா ரெண்டும் உடையும்.

பக்கத்தின்ர மூலத்தைத் திறந்து பாருங்கோ. படிவம் அதுக்குள்ளேயே கிடந்தா கேர்ள். வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் எண்டா பிளேரைட். மச்சானின்ர தளத்தில படிவம் அப்பிடியே கிடந்தது, அவனுக்குக் கேர்ளே காணும். அதுக்கு முதல் வியாபாரியிட்ட ஏபிஐ (நிரல்கள் நேரடியாப் பேசிற வழி) இருக்கோ எண்டு ஒருக்காக் கேக்கச் சொன்னனான்.