டச் பெனல்ல அமத்தினது பிஎல்சிக்கு போய்ச் சேருதா? கனகாலம் பாவிச்ச அனுபவம்

ரத்மலானையில ஒரு பக்கிங் லைன்ல மெயின்டனன்ஸ் பாக்கிறன். அங்க பிஎல்சியோட (மெஷினை ஓட்டுற கொன்ட்ரோல் கொம்பியூட்டர்) பூட்டின 7 இஞ்சி டச் பெனலையும் அதின்ர சொஃப்ட்வெயரையும் வருஷக்கணக்கா பாவிச்சாச்சு. கிராஃப், அலாரம் பேஜ் எல்லாம் நல்லம், குறை சொல்ல ஒண்டுமில்லை. பிரச்சினை முழுக்க பட்டன்ல தான்.

ஸ்டார்ட் பட்டன் இருக்கிற இடத்தில மட்டும் ஸ்க்ரீன் தேஞ்சு வெள்ளையாப் போச்சு, ஏனெண்டா ஒருக்கா அமத்தினா எடுக்காது, அக்காமார் பேனை மூடியால திரும்பத் திரும்பக் குத்துவினம். "தம்பி, இந்த ஸ்க்ரீனை மாத்துங்கோவன்" எண்டு தான் எல்லாரும் சொன்னவை. ஆனா டச்சில பிழையே இல்லை. பட்டனை மொமென்டரில விட்டா விரல் பட்டவுடன 1 எழுதும், எடுத்தவுடன 0 எழுதும். பெனலும் பிஎல்சியும் கதைக்கிறது மொட்பஸ் ஆர்டியூவில (ஒரே வயர்ல ஒண்டுக்குப் பிறகு ஒண்டா தகவல் அனுப்புற முறை), 9600 ஸ்பீட், அதே வயர்ல டிரைவ்களும் (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டியள்) இருக்கு, அதால ஒவ்வொண்டும் போக நேரம் எடுக்கும். டக்கெண்டு தட்டி எடுத்தா இந்த பெனல் கடைசி வல்யூவை மட்டும் தான் அனுப்புது, 1 போறதே இல்லை. ஆனா ஸ்க்ரீன்ல பட்டன் பச்சையா மினுங்கும், அதைப் பாத்திட்டு ஒப்பரேட்டர் மெஷின் ஓடப்போகுது எண்டு நம்பிக்கொண்டு நிக்கிறா, அது தான் எனக்கு தாங்க ஏலாத விஷயம்.

இப்ப பெனல் 1 மட்டும் எழுதும், பிஎல்சி அதை வாசிச்சு தானே 0 ஆக்கும். மெஷின் ரெடி இல்லாட்டியும் 0 ஆக்கிப்போடோணும், இல்லாட்டி திறந்து கிடந்த மெஷின் கதவை மூடின உடன பழைய ஸ்டார்ட் வேலை செய்திடும். பட்டன்ர கலரும் பிஎல்சியிட்ட இருந்து திரும்பி வாற பிட்ல (ஒரு 0 இல்லாட்டி 1) தான் மாறும். கொமாண்ட் எல்லாத்தையும் ஒரே ரெஜிஸ்டருக்குள்ள (16 பிட் சேந்த ஒரு இடம்) பிட் பிட்டா அடைக்காம தனித்தனி கொயில்ல (ஒரு பிட் மட்டும் வைக்கிற இடம்) வைச்சம், ஏனெண்டா பெனல் 16 பிட்டையும் வாசிச்சு ஒண்டை மாத்தி முழுசா திருப்பி எழுதேக்க இடையில பிஎல்சி மாத்தினது அழிஞ்சு போகும்.

ஜொக்குக்கு (அமத்திக்கொண்டு இருக்கும் வரைக்கும் மட்டும் மோட்டரை ஓட்டுறது) இந்த முறை சரிவராது, அதில விரலை எடுக்கேக்க பெனல் தான் 0 அனுப்போணும். அமத்திக்கொண்டு இருக்கேக்க கேபிள் கழண்டா அந்த 0 வராது, மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதால ஜொக்கை வயர் இழுத்த ஸ்ப்ரிங் பட்டனுக்கு மாத்தியாச்சு. எமர்ஜென்சி ஸ்டொப் முதலே வயர்ல தான், அதை ஸ்க்ரீன்ல வைக்கவே கூடாது.

புதுசா பெனல் எடுக்கிற ஆக்கள் டெமோ கலரைப் பாத்து மயங்காம, கொம்யூனிகேஷன் கேபிளைக் கழட்டிப்போட்டு பட்டனை அமத்திப் பாருங்கோ. அப்பவும் பச்சையாகினா, அந்தக் கலரை பிஎல்சி பிட்டோட இணைக்க ஏலுமோ எண்டு கேட்டிட்டு காசைக் குடுங்கோ.