41 நாள், 4,35,000 ரூபாய்: பழைய பெர்ஃபாமன்ஸ் கார் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

கோபத்துல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. இன்ஜின் ரிப்பேருக்கு 4,35,000 ரூபாய்னு எஸ்டிமேட் இப்பதான் வாட்ஸப்ல வந்துச்சு. கார் வாங்கி இன்னையோட 41 நாள். இந்த மாதிரி கார் வாங்கறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில முழு லிஸ்ட் போடறேன். முதல்ல நான் ஏமாந்த கதையைப் படிங்க.

ரெண்டு வண்டிக்கு நடுவுல ஒரு மாசம் மண்டையைக் குழப்பிக்கிட்டேன். ஒண்ணு 2017ல நம்ம ஊருக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 230 எச்பி. இன்னொண்ணு 2013 மாடல் ஜெர்மன் செடான், பின்சக்கர டிரைவ், 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 எச்பி. ஆபீஸ்ல ஒருத்தர், "ஆர்எஸ்ஸா? டிஎஸ்ஜி ஆச்சே, ரெண்டு கிளட்ச் வெச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதை இயக்கற மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போச்சுன்னா அழுவீங்க"ன்னார். உடனே அதை விட்டுட்டேன். ஆனா அந்தக் கெட்ட பேர் எல்லாம் ஆயில் இல்லாத டிரை கிளட்ச் வெச்ச 7 கியர் டிஎஸ்ஜி பாக்ஸுக்கு. ஆர்எஸ்ல இருக்கறது 6 கியர், ஆயில்ல ஊறிக்கிட்டே ஓடற வெட் கிளட்ச். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தினா அவ்வளவா தொந்தரவு தராது. அது வேற பாக்ஸ், இது வேற பாக்ஸ். இந்த வித்தியாசம் எனக்கு மெக்கானிக் சொல்லித்தான் தெரியும், அதுவும் போன வாரம்.

செடானோட கியர்பாக்ஸ் மட்டும் கல்லு மாதிரின்னு எல்லாரும் சொன்னாங்க. உண்மைதான், இன்னைக்கும் அது நல்லாத்தான் இருக்கு. இன்ஜினைப் பத்தி நான் யாரையுமே கேட்கல.

கடை பேர் எழுத முடியாது, வக்கீல் வேண்டாம்னு சொல்லிட்டார். பழைய ஆடம்பர கார் மட்டும் விக்கற ஷோரூம், கண்ணாடிக் கதவு, உள்ள நுழைஞ்சதும் ஃபில்டர் காபி. நான் போனப்ப வண்டி வெளியே ஸ்டார்ட்ல நின்னுச்சு, ஏசி ஓடிக்கிட்டு இருந்துச்சு. "வெயில்ல வர்றீங்களே சார், உங்களுக்காகத்தான் கூல் பண்ணி வெச்சேன்"னு சேல்ஸ் தம்பி சொன்னான். நான் உருகிட்டேன். என்னா மரியாதை பாருங்கன்னு வீட்டம்மாகிட்ட வேற சொன்னேன்! ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினா உள்ள இருக்கற டைமிங் செயின் லூசான சத்தம் கேட்டுடும்னு முன்னாடியே சூடேத்தி வெச்சிருக்கான்னு இப்ப யோசிச்சா நெஞ்சு எரியுது. அன்னைக்கு பானெட்ல கை வெச்சிருந்தாலே போதும்.

200 பாயின்ட் செக் பண்ணின ஷீட் ஒண்ணு காட்டினான், எல்லாத்துக்கும் பச்சை டிக். மீட்டர்ல 52,300. டிரைவர் சீட்டோட ஓரம் தேய்ஞ்சிருந்துச்சு, ஸ்டியரிங் லெதர் வழவழன்னு மின்னிச்சு. "முதல் ஓனர் டாக்டர் சார், சானிடைசர் போட்டுப் போட்டு அப்படி ஆயிடுச்சு"ன்னான். நானும் தலையாட்டினேன். 14,50,000 கொடுத்தேன்.

26ஆவது நாள், மேல்மருவத்தூர் தாண்டி போய்க்கிட்டிருந்தேன். சின்னதா வீய்ங்னு ஒரு சத்தம் ரெண்டு நாளா இருந்துச்சு, டயர்னு நினைச்சேன். திடீர்னு கடகடன்னு ஒரு சத்தம், டிஸ்ப்ளேல மஞ்சள் சிவப்புன்னு எச்சரிக்கை, இன்ஜின் ஆஃப். பொண்ணு பின்சீட்ல பயந்து அழுதுச்சு. ரெண்டரை மணி நேரம் ரோட்டோரம்.

கம்பெனி சர்வீஸ்ல 6,80,000 சொன்னாங்க. அங்க இருந்த அட்வைசர்தான் நல்ல மனுஷன். "இன்னொரு சாவி இருக்கா சார்?"னு கேட்டார். டெலிவரி கவர்லயே பிரிக்காம கிடந்த சாவியைக் கொடுத்தேன். இந்தக் கார் சாவியிலேயே கடைசியா அந்தச் சாவியால ஓட்டினப்ப எத்தனை கிலோமீட்டர்னு பதிவாகி இருக்குமாம். ரீடர்ல வெச்சார். 1,17,846. மீட்டரைக் குறைச்சவன் இந்தச் சாவியை மறந்துட்டான்.

வண்டியை அம்பத்தூர்ல ஒரு கராஜுக்கு இழுத்துட்டுப் போனேன். கராஜ் அண்ணன் இன்ஜின் அடியில ஆயில் நிக்கற சம்ப்பைக் கழட்டி, ஆயில் வடிகட்டற ஸ்ட்ரெய்னரைத் துணியில தட்டிக் காட்டினார். நகத்துண்டு அளவுக்கு பிளாஸ்டிக் சில்லு சில்லா விழுந்துச்சு. என் கார்ல இருக்கறது என்20ங்கற இன்ஜின், 2012லேர்ந்து 2015 வரைக்கும் வந்த அந்த இன்ஜின்ல டைமிங் செயினைத் தாங்கற கைடு பிளாஸ்டிக்காம், வருஷம் போகப் போக உடையும், செயின் லூசாகும்னு உலகம் முழுக்கப் பேசின விஷயமாம். முன்னாடியே மாத்தியிருந்தா பெரிய செலவே இல்லையாம். இப்ப செயின் பல்லு விட்டுத் தாவி, பிஸ்டன் இடிச்சு வால்வு எல்லாம் வளைஞ்சு 4,35,000. நான் இன்ஜினைக் குறை சொல்ல வரல. 1,17,000 ஓடினதுன்னு உண்மையைச் சொல்லியிருந்தா ஒண்ணு வேண்டாம்னு போயிருப்பேன், இல்ல செயினை மாத்திட்டு எடுத்திருப்பேன்.

ஷோரூமுக்கு போன் போட்டேன். முதல் நாள் "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்". மூணாவது நாள் "டிக்கெட் ரெய்ஸ் பண்ணிருக்கோம் சார்". ஆறாவது நாள் சாவி ரீடிங் போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் மட்டும் வந்துச்சு. நேர்ல போனேன். வாரன்டி பேப்பரைத் திருப்பி, பொடி எழுத்தைக் காட்டி, "டைமிங் செயின் தேய்மான பாகம், கவர் ஆகாது"ன்னாங்க. மேனேஜர்னு ஒருத்தர் வந்து, "இது ஹை பெர்ஃபாமன்ஸ் வண்டி சார், ஓட்டற விதத்துல இருக்கு"ன்னார். நான் ஓட்டினது மொத்தம் 1,900 கிலோமீட்டர், பாதி தூரம் ஸ்கூல் வாசல்ல ஊர்ந்தது! கடைசியில சமாதானத்துக்கு என்ன கொடுத்தாங்க தெரியுமா? செராமிக் கோட்டிங்குக்கு 15,000 ரூபாய் கூப்பன். இன்ஜின் செத்த காருக்குப் பளபளப்பு. காபி அன்னைக்கு தரல.

அந்த சேல்ஸ் தம்பி வேலையை விட்டுட்டானாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் பேப்பர் தயார் பண்றார். எப்ப வரும்னு தெரியாது, 4,35,000 இப்ப வேணும்.

முழு லிஸ்ட் போடறேன்னு சொன்னேன், இப்ப உட்கார்ந்து எழுத மனசு ஓடல. அவசரத்துக்கு இது மட்டும்: காலையில முதல் ஆளா, சொல்லாம போங்க, பானெட் சில்லுன்னு இருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு சாவியையும் கேளுங்க. சேசிஸ் நம்பரை வெச்சு கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி வாங்கித் தந்தாத்தான் அட்வான்ஸ்னு சொல்லுங்க. அவங்க செக் ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, வெளி மெக்கானிக்கை உங்க செலவுல கூட்டிட்டுப் போங்க. கியர்பாக்ஸ் பேர் மட்டும் கேட்காம, என்20 மாதிரி இன்ஜினோட கோட் நம்பரையும் கேளுங்க.

கராஜ் அண்ணன் லைன்ல வர்றார். வால்வு இருக்கற இன்ஜின் மேல்பாகம், அந்த ஹெட்டை லேத்துக்கு அனுப்பணுமாம், 50,000 அட்வான்ஸ் கேட்கறார்.